ஏழைகளின் ஊட்டிக்கு யார் போகிறார்கள்?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, சுருக்கித் திருத்திய வடிவம்)

இன்னைக்கு எபிசோடு வரலாறுதான். ஆனா ஆரம்பம் என் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்.

போன மே மாசம் டீம் அவுட்டிங்குக்கு எங்கே போகலாம்னு ஒரு போல் போட்டாங்க. பெங்களூருவிலிருந்து கிளம்பி ஒரு ராத்திரி தங்கிட்டு வர மாதிரி மூணு இடம்: கூர்க், சிக்மகளூர், ஏலகிரி. அஞ்சு நிமிஷத்துல ஒரு மெசேஜ் வந்தது. "ஏலகிரி வேண்டாம் ப்ரோ, ஃபுல்லா லோக்கல் க்ரௌட்." கீழே ஏழெட்டு சிரிப்பு எமோஜி.

அதுல ஒண்ணு நான் போட்டது. அதோட விடல. "சண்டேன்னா வேன் வேனா வந்து இறங்குவாங்க"ன்னு ஒரு வரியும் சேர்த்தேன். நான் ஆம்பூர்க்காரன். அந்த வேன்ல இறங்கின ஆள்.

அதே வாரம் ஒரு கிளையன்ட் கால். அந்தப் பக்கம் இருந்தவர் இங்கிலாந்து, யார்க்‌ஷயர்காரர். கோடை லீவுக்கு ஸ்பெயின் போறேன்னு சொன்னார். எங்க டீம்ல ஒருத்தன், எங்கேயோ கேள்விப்பட்ட பேரை வச்சு, "பெனிடார்மா?"ன்னு கேட்டான். அவர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "ஐயோ, வேண்டாம்ப்பா. அங்க முழுக்க பிரிட்டிஷ்காரங்க" என்றார்.

அவரே பிரிட்டிஷ்காரர்! கால் முடிஞ்சு ரொம்ப நேரம் இது மண்டையில ஓடிக்கிட்டே இருந்தது. நான் ஆம்பூர்க்காரனா இருந்துக்கிட்டு ஆம்பூர்க் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன். அவர் பிரிட்டிஷ்காரரா இருந்துக்கிட்டு பிரிட்டிஷ் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார். ரெண்டு பேரும் சொல்ல வந்தது ஒண்ணுதான்: "நான் அவங்கள்ல ஒருத்தன் இல்ல." இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோடு.

சாஹிப்புகளின் மலை

முதல்ல "ஏழைகளின் ஊட்டி". இந்தப் பேரை ஏற்காட்டுக்கும் சொல்வாங்க, ஏலகிரிக்கும் சொல்வாங்க. பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனா அதுக்குள்ள ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஏழைகளுக்குத் தனியா ஒரு ஊட்டி இருக்குன்னா, அசல் ஊட்டி யாருக்கு?

ஊட்டி இருக்கிற மலை தோடர், கோத்தர், படுகர் போன்ற மக்களின் இடம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் அங்கே ஏறினார். சில வருடங்களில் அங்கே தனக்கு ஒரு கல் வீடு கட்டிக்கொண்டார். பிறகு உடம்பு சரியில்லாத ஆங்கிலேய அதிகாரிகள் தேறி வருவதற்கான ஊராக அது மாறியது. 1870-களில் சென்னை மாகாண அரசாங்கமே கோடை வந்தால் ஃபைல்களோடு மலை ஏற ஆரம்பித்தது. வருஷத்தில் பல மாதங்கள் மாகாணத்தின் ஆட்சி ஊட்டியிலிருந்துதான் நடந்தது. சமவெளியில் வெயிலில் இருந்தவர்கள் கட்டிய வரியில்தான் இந்தச் செலவு.

அவங்க ஊட்டிக்குப் போன பாதை எதுன்னு நினைக்கிறீங்க? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதாவது நம்ம ராணிப்பேட்டைக்குப் பக்கம். அந்தத் தண்டவாளம்தான் பிறகு காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. 1870-களில் மேட்டுப்பாளையத்தையும் தொட்டது. இன்னைக்கும் நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பி இதே வழியாகப் போய், விடியும்போது மேட்டுப்பாளையத்தில் நிற்கும். ஊட்டிக்குப் போகிறவர்கள் எங்க ஊரைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள்.

அந்த ஊட்டியில் ஆங்கிலேயர்கள் நம்மை ஒதுக்கி வைத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தக் காலத்து ஆங்கிலேய கிளப்புகள் பலவற்றில் இந்தியர் உறுப்பினராகவே முடியாது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு ஒன்று. அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி ஒதுக்கினார்கள் என்பது.

பிரிட்டிஷ் இந்தியாவில் எந்தப் பதவி எந்தப் பதவிக்கு மேல் என்று அதிகாரபூர்வமாக ஒரு பட்டியல் இருந்தது. விருந்தில் யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும், யார் மனைவி முதலில் நடக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பட்டியல்படிதான். மேலே ஐ.சி.எஸ். அதிகாரிகள், ராணுவ உயர் அதிகாரிகள். தோட்ட முதலாளிகளுக்கும் ஓரளவு மரியாதை. வியாபாரிகளை 'பாக்ஸ்வாலா' என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சாமான் விற்பவன் என்று அர்த்தம். கடை வைத்திருக்கும் ஆங்கிலேயருக்குப் பெரிய கிளப்புகளில் கதவு திறக்காது. பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாமில் இருந்த சாதாரண வெள்ளைச் சிப்பாய் கிளப் படியேறுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் 1880-களில் எழுதி ஒட்டப்பட்டன என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பந்துகளை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிற ஒரு விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1855 முதல் ஐ.சி.எஸ். வேலைக்குப் போட்டித் தேர்வு வந்துவிட்டது. தேர்வெழுதி வந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் பிரபுக் குடும்பம் இல்லை. பாதிரியார், டாக்டர், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். நம்ம பாஷையில் சொன்னால் நல்லாப் படிச்ச மிடில் கிளாஸ் பசங்க. பென்ஷன் வாங்கி ஊர் திரும்பினால் இங்கிலாந்தில் அவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஊட்டியில் மட்டும்தான் அவர்கள் பிரபு. அந்த இடம் கையை விட்டுப் போகக் கூடாதென்றால், கீழே இருப்பவன் மேலே வராமல் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்?

நல்லாப் படிச்ச மிடில் கிளாஸ் பசங்கன்னதும் எனக்கு எங்க டீம் ஞாபகம் வந்தது. அதைக் கொஞ்சம் அப்படியே வைங்க. பிறகு வருவோம்.

ஒரு ஷில்லிங் டிக்கெட்

இங்கே ஊட்டி வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் இன்னொரு கூட்டம் கிளம்பியது. 1841 ஜூலை 5. தாமஸ் குக் என்ற மரவேலைத் தொழிலாளி, மதுவிலக்குப் பிரசாரகர், ஒரு ரயிலைப் பேசி சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோ ஊருக்கு அழைத்துப் போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்குத்தான். போக வர ஆளுக்கு ஒரு ஷில்லிங். குடிக்குப் போகிற காசையும் நேரத்தையும் ஊர் சுற்றுவதற்குத் திருப்பலாம் என்பது அவர் கணக்கு. அதாவது உலகத்தின் முதல் பெரிய டூர் ஆபரேட்டர், குடிக்காத டூர் நடத்தியவர். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மூன்றே வருஷத்தில் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர் சாதாரண ஆளில்லை, கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். இங்கிலாந்தின் ஏரிப் பகுதியைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். 1844-ல் அங்கே விண்டர்மியர் பக்கம் ரயில் பாதை வருகிறது என்றதும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், கவிதையும் எழுதினார். இயற்கை அழகை ரசிக்க ஒரு பக்குவம் வேண்டும், ஆலைத் தொழிலாளிகளை ரயிலில் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அந்தப் பக்குவம் வந்துவிடாது என்பது அவர் வாதம். ரயில் 1847-ல் வந்துவிட்டது.

1860-களில் குக் தன் ஆட்களை ஸ்விட்சர்லாந்து, இத்தாலி என்று அழைத்துப் போனார். பள்ளி ஆசிரியர்கள், கிளார்க்குகள், கடைக்காரர்கள், தனியாக வெளியூர் போக அதுவரை வழியில்லாத பெண்கள். இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த சார்லஸ் லீவர் என்ற நாவலாசிரியருக்கு இது பொறுக்கவில்லை. 1865-ல் புனைபெயரில் ஒரு பத்திரிகையில் இவர்களை ஆட்டு மந்தை மாதிரி வர்ணித்து எழுதினார். அதோடு ஒரு கதையும் கட்டிவிட்டார். ஆஸ்திரேலியா இனி குற்றவாளிகளை ஏற்க மறுத்துவிட்டதால், பிரிட்டிஷ் அரசாங்கம் அவர்களை இப்படி டூர் என்ற பெயரில் இத்தாலிய ஊர்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுகிறது என்று.

குக் சும்மா இருக்கவில்லை. தன் பயணப் பத்திரிகையிலேயே பதில் சொன்னார். அழகான இடங்களைப் பார்க்க வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் உரிமையா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம்.

இந்தத் தேதிகளைக் கவனிங்க. வேர்ட்ஸ்வொர்த் கோபப்பட்டது ரயில் வரப் போகிறபோது. லீவர் கோபப்பட்டது டூர் டிக்கெட் இத்தாலி வரை நீண்டபோது. அதற்கு முன்பும் ஐரோப்பாவில் பணக்கார ஆங்கிலேய வாலிபர்கள் வருஷக்கணக்கில் ஊர் சுற்றினார்கள், குடித்தார்கள், சூதாடினார்கள். அதற்கு 'கிராண்ட் டூர்' என்று பெயர், கல்வியின் ஒரு பகுதி என்று மரியாதை. டிக்கெட் மலிவானதும்தான் நாகரிகத்தைப் பற்றிய கவலை வந்தது.

பெனிடார்ம்

இருபதாம் நூற்றாண்டில் இதே கதை விமானம் ஏறியது. பிரிட்டனில் சம்பளத்தோடு விடுமுறை தருவதற்கான சட்டம் 1938-ல் வந்தது. வருஷத்துக்கு ஒரு வாரம். ஆனால் அடுத்த வருஷமே போர். போர் முடிந்த பிறகும் ரேஷன், இறைச்சி ரேஷன் 1954 வரை. இந்த நேரத்தில், 1950-ல், விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் லண்டனிலிருந்து பிரான்ஸின் கோர்சிகா தீவுக்கு ஒரு விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். தங்குவது டென்ட்டில். விமானம், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அரசாங்கம் முதலில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டும்தான் ஏற்றலாம் என்று நிபந்தனை போட்டது.

அடுத்த இருபது வருஷத்தில் ஸ்பெயினின் மீன்பிடி ஊர்கள் கான்கிரீட் ஓட்டல்களாக மாறின. பெனிடார்ம் அதில் ஒன்று. சுரங்கத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் வாழ்க்கையில் முதல் முறையாக வெதுவெதுப்பான கடலில் காலை நனைத்தார்கள். உடனே கிண்டலும் வந்தது. வெயிலில் வெந்து சிவந்த தோல், ஃபுட்பால் டீ-ஷர்ட், வெளிநாடு போயும் ஃபிஷ் அண்ட் சிப்ஸ், கையில் பீர். 1972-லேயே மான்டி பைத்தன் நகைச்சுவைக் குழு டிராவல் ஏஜென்ட் அலுவலகத்தை வைத்து ஒரு காட்சி எடுத்தார்கள். டூர் போக வந்த ஒருவர், டூரில் வருகிற மற்றவர்களைப் பற்றி மூச்சுவிடாமல் புலம்பித் தள்ளுவார். அவரும் அதே டூருக்கு விலை கேட்க வந்தவர்தான். எங்க யார்க்‌ஷயர் நண்பர் மாதிரி, என்னை மாதிரி.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லணும். புகார் முழுக்கப் பொய் இல்லை. குடித்துவிட்டுத் தெருவில் கத்துவது, வாந்தி எடுப்பது, அந்த ஊர்ப் பெண்களைத் தொல்லை செய்வது எல்லாம் நடக்கிறது. அங்கே குடியிருக்கிறவர்கள் தூங்க வேண்டாமா? ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2023-ல் ஒரு ஆன்லைன் விளம்பரப் பிரசாரம் நடத்தியது. குடி, கும்மாளத்துக்கு வருவதாக இருந்தால் வராதீர்கள் என்று. குறி யார் தெரியுமா? 18 முதல் 35 வயது வரையுள்ள பிரிட்டிஷ் ஆண்கள்.

ஒரு சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு இதில் சுவாரஸ்யமானது அந்த விளம்பரம் எப்போது திரையில் வரும் என்பதுதான். கல்யாணத்துக்கு முந்தைய பேச்சிலர் பார்ட்டி என்று தேடினால் வரும். பப் பப்பாகப் போய்க் குடிப்பது என்று தேடினால் வரும். சரி. 'ஆம்ஸ்டர்டாம் மலிவான ஹோட்டல்' என்று தேடினாலும் வரும். ஒரே இஃப் கண்டிஷனில், நடுவில் ஒரு 'அல்லது' போட்டு, குடியையும் மலிவையும் சேர்த்திருக்கிறார்கள். ஐந்து நட்சத்திர ஹோட்டல் தேடுகிறவன் குடிக்க மாட்டானா? மலிவு ஹோட்டல் தேடுகிறவன் மியூசியம் பார்க்க வரும் மாணவனாக இருக்கக் கூடாதா? முதல் மலிவு டூரே மதுவிலக்கு டூர்தானே!

நம்ம தலைக்குள்ளயும் இதே கோடுதான் ஓடுது. 'லோக்கல் க்ரௌட்'னு சொல்லும்போது நம்மகிட்ட காரணம் கேட்டா குப்பை, சத்தம், குடின்னு சொல்வோம். ஆனா அந்தக் கண்டிஷன் உண்மையில செக் பண்றது வேன்ல வந்தாங்களா, கார்ல வந்தாங்களான்னு. ரிசார்ட்ல ஸ்பீக்கர் வச்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடினா 'வைப்'. ஏரிக்கரையில போன்ல பாட்டு வச்சா 'லோக்கல்'. அந்த ரிசார்ட் ஆட்டத்துல நானும் இருந்திருக்கேன்.

மூன்றாம் வகுப்பு

திரும்ப நம்ம தண்டவாளத்துக்கு வருவோம். இந்தியாவில் ரயில் வந்தபோது பணமுள்ளவர்களுக்குக் குஷன் சீட், மற்றவர்களுக்கு மூன்றாம் வகுப்பு. மூட்டை மாதிரி அடைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் பயணிகள் டிக்கெட்டில் ரயில் கம்பெனிகளுக்கு வந்த வருமானத்தில் பெரும் பங்கு அந்த மூன்றாம் வகுப்பிலிருந்துதான். ஜனங்கள் சந்தைக்குப் போனார்கள், திருவிழாவுக்குப் போனார்கள், திருப்பதிக்குப் போனார்கள். அதையும் ஊர் சுற்றல் என்று யாரும் எழுதவில்லை. 'கூட்டம்' என்றுதான் எழுதினார்கள்.

இந்த விஷயத்தில் காந்தி 1917-ல் எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது. பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தை வைத்து எழுதினார். பயணிகள் கண்ட இடத்தில் துப்புவதையும் அசுத்தம் செய்வதையும் அவர் மறைக்கவில்லை. அதே சமயம் தண்ணீர் இல்லாத, கழுவாத கழிப்பறையோடு, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, காசு மட்டும் வாங்கும் ரயில்வேயையும் விடவில்லை. முதல் வகுப்புக்குக் கிடைக்கும் வசதியையும் மூன்றாம் வகுப்பின் நிலையையும் டிக்கெட் விலையோடு ஒப்பிட்டார். முக்கியமாக, அவர் அந்தப் பெட்டியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துகொண்டு புகார் சொன்னார். லீவர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னார். ரெண்டும் ஒண்ணு இல்ல.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் எடுக்கப்பட்டது. இரண்டாம் வகுப்பு என்றார்கள். பிறகு அன்ரிசர்வ்டு. பேர்தான் மாறிக்கிட்டே இருக்கு.

டூர் சீட்டு

இப்போ ஏலகிரி. அங்கே ஆங்கிலேயர்கள் ஊட்டி மாதிரி ஊர் கட்டவில்லை. கிளப் இல்லை, குதிரைப் பந்தயம் இல்லை. பொன்னேரியிலிருந்து ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் அல்லது வள்ளல் பெயர். மேலே புங்கனூர் ஏரி, படகு, ஒரு பூங்கா. மலையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலையாளி பழங்குடி மக்களின் கிராமங்கள். அவ்வளவுதான்.

எங்க அம்மா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில தையல் லைன்ல வேலை பார்த்தாங்க. ஷூவோட மேல்பாகம், அப்பர்னு சொல்வாங்க, அதைத் தைக்கிறது. எங்க பக்கம் அது ரொம்ப சாதாரணம். விடிகாலையில கம்பெனி பஸ் வரிசையா கிராமத்துக்குள்ள வந்து பெண்களை ஏத்திக்கிட்டுப் போகும். அவங்க தைக்கிற ஷூ ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் போகும். இத்தாலியில நடக்கிற ஏதோ ஒரு டூரிஸ்ட் காலில் எங்க அம்மா போட்ட தையல் இருந்திருக்கலாம்.

அப்போது 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி வாரம் ஒரு நாள் விடுமுறை இருந்தது. வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், அடுத்த வருஷம் 20 நாளுக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு லீவு கிடைத்தது. பிரிட்டிஷ் தொழிலாளிக்கு 1938-ல் கிடைத்தது மாதிரி, நம்மவர்களும் வாங்கிய உரிமை. ஆனா அம்மாவோட லீவு எதுக்குப் போகும்? ஒரு சாவு, ஒரு காதுகுத்து, எனக்கு ஜுரம், தாலுகா ஆபீஸ். மிச்சம் இருந்தா காசா வாங்கிக்குவாங்க. ஊர் சுத்தறதுக்குன்னு லீவு போட்டதே இல்ல.

அதனால லைன்ல இருந்த பெண்கள் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. டூர் சீட்டு. வாரம் இருபது ரூபா. வருஷம் முடிஞ்சதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பேசி ஏலகிரி. நான் நாலாவது படிக்கும்போது போனேன். பதினாலு பேர் உட்கார்ற வேன்ல குழந்தைங்களோட இருபத்தஞ்சு பேர். வளைவுல வாந்தி வராம இருக்க ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம். ஒவ்வொரு வளைவு போர்டையும் என்னை சத்தமா படிக்கச் சொன்னாங்க. ஒரு அக்கா ஒவ்வொரு பேருக்கும் கை தட்டினாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.

ஏரிக்கரையில எவர்சில்வர் அடுக்கைத் திறந்து புளிசாதம், முட்டை. பக்கத்துல ஒரு குடும்பம் பெட்ஷீட் விரிச்சிருந்தாங்க, கார்ல வந்தவங்க. அந்த அம்மா எங்களைப் பார்த்துட்டு, பையனைத் தூக்கிக்கிட்டு, "வாங்க, வேற பக்கம் போயிடலாம்"னாங்க. நாங்க குப்பை போடல, குடிக்கல. சத்தம் போட்டோம், அது உண்மை. வருஷத்துல ஒரு நாள்.

ஒன்பது வயசுல எனக்குக் கோபம் அவங்க மேல வரல. எங்க அடுக்கு மேல வந்தது. அதை ஏன் இப்படி நடுவுல திறந்து வச்சாங்கன்னு.

காலேஜ்ல இது இன்னும் வளர்ந்தது. ரயில் டேனரி இருக்கிற பக்கமா போகும்போது ஜன்னல் வழியா வாடை வரும். பசங்க மூக்கைப் பொத்திக்கிட்டு யார் ஊருன்னு கேப்பாங்க. நான் "வேலூர் பக்கம்"னு சொல்லுவேன். பிரியாணி பேச்சு வந்தா மட்டும் ஆம்பூர்க்காரன். இங்கே கிளாஸ்னு நாம சொல்றது கிளாஸ் மட்டும் இல்ல. தோல் வேலைன்னாலே பின்னாடி சாதியும் நிக்கும். இங்கிலாந்துல பேச்சு உச்சரிப்பை வச்சு ஆளை எடை போடுவாங்கன்னா, இங்கே ஊர், தொழில், சாப்பாட்டு டப்பா எல்லாத்தையும் வச்சு எடை போடுவாங்க. அந்தத் தராசை நானே கையில எடுத்துக்கிட்டா என்னை யாரும் எடை போட மாட்டாங்கன்னு நினைச்சேன். அந்தச் சிரிப்பு எமோஜி அதுதான். ஊட்டியில பாக்ஸ்வாலாவை ஒதுக்கின பரீட்சை பாஸ் பண்ண பசங்களும் இதைத்தான் செஞ்சாங்க.

வண்டியை எண்ணுங்க

டீம் கடைசியில கூர்க் போச்சு. நானும் போனேன், நல்லாத்தான் இருந்தது. குரூப்ல நான் எதையும் திருத்திச் சொல்லல. ஆனா அடுத்த மாசம் அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவங்க அதுவரைக்கும் போனதில்ல.

அப்போ ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆனால் அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் இ-பாஸ் தேவைப்படவில்லை.

செக்போஸ்ட்ல வாடகைக் கார்ல உட்கார்ந்து நான் போனைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துல அரசு பஸ் ஆள் நிறைய நிரம்பி அப்படியே மேல போகுது. அப்போதான் உறைச்சது. மலைக்குக் கூட்டம் உண்மையிலேயே சுமைதான். அதை நிர்வாகம் பண்ண வழி இருக்கு. வண்டியை எண்ணலாம், குப்பைக்கு அபராதம் போடலாம், குடிச்சுட்டு ஓட்டினா பிடிக்கலாம். இதெல்லாம் செயலைப் பார்க்கிற விதி. அம்பது பேர் ஒரு பஸ்ல வந்தா மலைக்கு ஒரு வண்டி. நாங்க ரெண்டு பேரும் டிரைவரும் வந்தாலும் ஒரு வண்டி. கணக்குப்படி பார்த்தா அன்னைக்கு மலைக்குப் பாரமா இருந்த க்ரௌட் நான்தான்.

அம்மாகிட்ட அந்த வாட்ஸ்அப் கதையைச் சொன்னேன். "நீயும் சிரிச்சியா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இன்னாடா பண்றது, கூட இருக்கிறவங்க சிரிச்சா சிரிப்பு வரும்தான்"னாங்க. அவங்க என்னை மன்னிச்ச விதம் எனக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமா இருந்தது.

"ஏலகிரி டூர்ல உனக்கு என்ன ஞாபகம்?"னு கேட்டேன். "நீங்கள்லாம் போட்டுல போனீங்க. நான் எல்லார் செருப்பையும் பார்த்துக்கினு கரையில உக்காந்திருந்தேன். அன்னிக்கு ஒரு நாள்தான் கை சும்மா இருந்தது. நல்லா இருந்தது"னாங்க.

ஊட்டி ஏரிக்கரையில பெஞ்சுல உட்கார்ந்ததும் பையிலேர்ந்து டப்பாவை எடுத்தாங்க. புளிசாதம். நான் ஒரு செகண்ட் சுத்தி யார் பார்க்கிறாங்கன்னு பார்த்தேன். பார்க்கணும்னு நினைக்கல, கழுத்து தானா திரும்பிச்சு. அப்புறம் சாப்பிட்டோம். ஊட்டி எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு, "ஏலகிரி மாதிரிதான் இருக்குது, குளிர்தான் ஜாஸ்தி"ன்னாங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வேன் டூர், ஒரு சாப்பாட்டு அடுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்திருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சிலதைப் போடறோம். அதுவரைக்கும், வரேன் மக்களே.